கயிற்றின் கடைசி ஆள்

பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் காகிதங்களை இரண்டு முறை புரட்டிவிட்டு, "ஃபாரின்ல இன்னா வேலை?" என்று கேட்டார். "கயிறு இழுக்கணும் சார்" என்றார் மேஸ்திரி. ஊத்துக்கோட்டையில் அவர் வீட்டு வாசலில், சாட்சிக் கையெழுத்துப் போட நான் நின்றிருந்தேன். போலீஸ்காரர் சிரிக்கவில்லை. "கப்பல்லயா?" என்றார். இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர், நாடு நாடாக வந்து மோதும் போட்டி என்று நான் விளக்கினேன். "எங்க ஊர்ல பொங்கலுக்கு இழுப்பானுங்களே, அதுக்கா இத்தினி பேஜாரு?" என்று கையெழுத்தை வாங்கிக்கொண்டு போனார். மேஸ்திரிக்கு அது உறைக்கவே இல்லை. ஐம்பதை நெருங்கியவர், திருப்பதியைத் தாண்டி வெளியூர் பார்க்காதவர், அன்று முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தார்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் இரும்பு ஆலை ஒன்றில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். கிரேனில் தொங்கும் சரக்கு ஆடாமல், கீழே நின்று கயிற்றைப் பிடித்துத் திருப்பிவிடுவது அவர் வேலை. ஆலையின் கயிறிழுக்கும் அணியில் அவர் ஆங்கர், கயிற்றின் கடைசி ஆள். அவருக்கு நேர் முன்னால், ஏழாவதாக, நான். ஷிஃப்ட் முடிந்ததும் ஷெட்டுக்குப் பின்னால், கப்பி மாட்டி இரும்புத் துண்டுகள் நிரப்பிய பீப்பாயை இழுத்து இழுத்துப் பழகினோம். எட்டுப் பேரின் எடையும் சேர்ந்து அறுநூற்று நாற்பது கிலோவைத் தாண்டக் கூடாது. அதற்காக மேஸ்திரி காலை நாஷ்டாவையே விட்டார். வெறும் மோரில் ஓடிய மனிதர்.

விடாதது ஒரே ஒரு பழக்கத்தைத்தான். ஆங்கர் மட்டும் கயிற்றை அக்குள் வழியே முதுகுக்குக் கொண்டுபோய், மறுதோள் மேலாக இறக்கிக்கொள்ளலாம். மிச்சக் கயிறு பின்னால் தளர்ந்து கிடக்க வேண்டும். அதைக் கையில் சுற்றினால் ஃபவுல். மேஸ்திரியின் கையோ, கயிறு ஓர் அங்குலம் வழுக்கினால் போதும், தானாகவே ஒரு சுற்றுச் சுற்றிவிடும். ஆலையின் பாதுகாப்பு அதிகாரி வருஷக்கணக்காகத் திட்டியும் போகாத பழக்கம். கிரேன் கொக்கியின் கீழே ஆள் நிற்கும்போது கயிறு நழுவினால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்த கை அது. மூன்று மாதம் கத்தினேன். "சுத்தாதீங்க மேஸ்திரி, சுத்தாதீங்க!" ஒவ்வொரு முறையும் அவர் தன் கையை, யாரோ செய்த தப்பைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். "நான் எங்க நைனா சுத்துனேன்? அது சுத்திக்கினு வருது." எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஜெயிப்போம் என்று பாஸ்போர்ட்டை முன்னதாகவே எடுத்து வைத்திருந்தோம்; வெளிநாட்டுக்குப் போகும் அணியைத் தேர்ந்தெடுக்கும் இறுதிப் போட்டி. மூன்று இழுப்பில் இரண்டு அணியும் ஆளுக்கொன்று ஜெயித்தாகிவிட்டது. மூன்றாவது இழுப்பில், நடுவில் இருவர் புல்லில் உட்கார்ந்ததற்காக இரண்டு எச்சரிக்கை வாங்கியிருந்தோம். இன்னொன்று விழுந்தால் அவ்வளவுதான். ஆனாலும் எங்கள் பக்கமாக அசைந்துகொண்டிருந்தது எதிரணி. அரை அடி, இன்னும் அரை அடி. அப்போது என் இடது குதிகால் பிடி விட்டது. விழுந்தேன். ஒரு மூச்சுக்குள் எழுந்தும்விட்டேன். அந்த ஒரு மூச்சில் கயிறு முன்னே ஓட, பின்னால் அந்தக் கை சுற்றிக்கொண்டது. நடுவரின் விசில். அவர் விரல் மேஸ்திரியைக் காட்டியது, என்னை அல்ல.

திரும்பி வந்த வேனில் ஏழு பேரும் அவரைக் குதறினோம். பெரிய குரல் என்னுடையது. "படிச்சுப் படிச்சு சொன்னேனே, மேஸ்திரி!" அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "கை கேக்கல நைனா" என்றார். அடுத்த ஆண்டு ஆங்கர் யார் என்று மேலாளர் என்னிடம் கேட்டார். வேறொருவன் பெயரைச் சொன்னேன். மேஸ்திரி அதன்பிறகு கயிற்றைப் போட்டிக்காகத் தொடவில்லை. ஒரு பக்கத்திலும் முத்திரை விழாத பாஸ்போர்ட் அவர் வீட்டு பீரோவில் கிடக்கிறது.

நான்கு வருஷம் ஆகிவிட்டது. எங்களை வென்ற அணி வெளிநாட்டில் இழுத்த வீடியோவைக் கைப்பேசியில் எத்தனை முறை பார்த்தேனோ. ஒவ்வொரு முறையும் அவர்மேல் எரிச்சல், விதிமேல் எரிச்சல், கடைசியில் என் குதிகாலில் வந்து முட்டி நிற்கும் எரிச்சல். போன மாதம் பைபாஸ் டீக்கடையில் தாங்க முடியாமல் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டேன். "மேஸ்திரி, அன்னிக்கு மொதல்ல சறுக்குனது நான்."

டீயை ஊதிக்கொண்டே சொன்னார்: "தெரியும். எனக்கு முன்னாடி இருந்தது ஒன் முதுகு ஒண்ணுதானே? அது கண்ணுக்கு முன்னாடியே காணாம போச்சு."

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்த சொல்லல?" என் குரல் ஏறியது. பக்கத்து பெஞ்சு திரும்பிப் பார்த்தது.

"நீயா சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன்."