மூதூர் லாஞ்சியில் எடுத்த பிரதி

முதலில் ஒரு மடத்தனத்தை ஒப்புக்கொள்கிறேன். வாழ்நாளில் நான் போட்டது ஒரேயொரு புத்தகம் — மெலிந்த சிறுகதைத் தொகுப்பு. வாங்கவே ஆளில்லை. ஆனாலும் திருடிவிடுவார்கள் என்று பயந்து, இரண்டாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டேன்: ‘ஆசிரியரின் எழுத்துமூல அனுமதியின்றி ஒரு வரியையேனும் பிரதி எடுத்தல் தடை. மீறினால் வழக்கு!’

வழக்கு! அப்போது நான் மூதூரில் ஒரு கந்தோரில் கிளாக்கர். எனக்கு ஒரு சட்டத்தரணியின் பெயர்கூடத் தெரியாது.

விற்காத பிரதிகள் எல்லாம் திருகோணமலையில் என் கடற்கரை வீட்டு அலுமாரியில் கிடந்தன. கடல் ஊருக்குள் வந்த அந்தக் காலையில் அலுமாரியோடு போய்விட்டன. உயிர் மிஞ்சியதே பெரிது. புத்தகத்தை யார் தேடினார்கள்?

இப்போது ஓய்வூதியக்காரன். நண்பர்கள் நாலு பேரோடு பேஸ்புக்கில் ஓர் இயக்கம் நடத்துகிறேன். எழுதியவர் செத்து எழுபது வருடம்வரை அவர் எழுத்துப் பூட்டிக் கிடக்கிறதே... அந்தச் சட்டத்தைத் தளர்த்துங்கள், அச்சில் இல்லாத புத்தகங்களையாவது எல்லோருக்கும் பொதுவாக்குங்கள் என்பதுதான் கோரிக்கை. வெள்ளிதோறும் ஒரு பதிவு. பதினொரு லைக். அதில் ஒன்று என்னுடையது.

போன வெள்ளி வீரம் கொஞ்சம் கூடிவிட்டது. ‘என்னிலிருந்தே தொடங்குகிறேன். என் புத்தகம் இன்றிலிருந்து எல்லோருக்கும் சொந்தம். யாரும் பிரதி எடுக்கலாம்!’ என்று அறிவித்தேன். லைக் நாற்பதைத் தாண்டியது. கீழே ஒருவர் கேட்டார்: “சந்தோசம் சேர். புத்தகம் எங்க?”

எங்கே? என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. கேட்ட நூலகங்களிலும் இல்லை. இல்லாத காணி வளவைத் தானம் பண்ணியவனாக, மூன்று நாள் பேஸ்புக் பக்கமே போகாமல் ஒளிந்திருந்தேன்.

நாலாம் நாள் மெசெஞ்சரில் ஒரு செய்தி: “நான் ஜெஸீமா ரீச்சர். மூதூர் லாஞ்சி. ஞாபகமிருக்கா?”

இல்லாமலா? காலையில் திருகோணமலைத் துறைமுகத்தில் அந்த மோட்டார்ப் படகில் ஏறினால் மூதூருக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பயணம். டீசல் மணம், கோழிக்கூடைகள், மடியில் குடையோடு தூங்கிவழியும் எங்கள் கந்தோர்ப் பியோன்... நான் எப்போதும் அட்டை வெளியே தெரியும்படி என் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பேன். ஜெஸீமா மூதூரில் படிப்பித்தார். “ஒருக்காத் தாங்க, பாத்திட்டுத் தாறன்” என்று வாங்குவார். இறங்கும்போது திருப்பித் தருவார். அடுத்த நாளும் கேட்பார். அதற்கடுத்த நாளும்!

ஒரே புத்தகத்தை மாதக்கணக்காக ஒருவர் வாசித்தால் என்ன நினைப்பீர்கள்? நான் தலையை வாரிக்கொண்டு போய் லாஞ்சியின் முன்முனையில் நின்றேன். பெரிய எழுத்தாளன் கடலைப் பார்த்துத்தானே நிற்கவேண்டும்? பின்னால் நடந்ததைப் பார்க்கவில்லை. அதை ரீச்சர் இப்போதுதான் மெசெஞ்சரில் சொன்னார்:

“நான் வாசிக்கல்ல சேர். கொப்பியில பாத்து எழுதின. வகுப்புப் புள்ளையளுக்கு வாசிச்சுக் காட்ட. வழக்குப் போடுவீங்களெண்டு பயத்தில சொல்லல்ல.”

ஒரு பக்கத்தைப் படமெடுத்தும் அனுப்பியிருந்தார். நீல மை. பாதி வரைக்கும் முத்து முத்தான எழுத்து. பிறகு அது ஆடத் தொடங்குகிறது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது — லாஞ்சி துறைமுக வாயைத் தாண்டி அலைக்குள் இறங்கிய இடம் அது! கடைசி நாலு வரி மறுபடி நேராகிறது. மூதூர் வந்துவிட்டது. என் கதையைவிட அந்த எழுத்தைத்தான் பலமுறை வாசித்தேன்.

யோசித்துப் பாருங்கள். என் தடையை மதித்த அத்தனை பேரிடமும் இன்று என் புத்தகம் இல்லை. மீறிய ஒருவரிடம் முழுதாக இருக்கிறது.

அப்போதே எழுதினேன்: “ரீச்சர், மிச்சப் பக்கங்களையும் படமெடுத்து அனுப்புங்கோ. ஊருக்கே குடுப்பம்!”

உடனே இன்னொரு படம் வந்தது. கொப்பியின் இரண்டாம் பக்கம். ‘மீறினால் வழக்கு’ வரை, ஆச்சரியக்குறிகூடத் தவறாமல் பார்த்து எழுதியிருந்தார். அதன் கீழே பதில்:

“எழுத்துமூல அனுமதி எங்க சேர்?”