சொன்னதைக் கேட்காத பிள்ளை

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் ஒரு பால்வாடியில் டீச்சராக இருந்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு மனசிலோ நடத்தையிலோ குறை இருந்தால் முன்கூட்டியே கண்டுபிடிக்க, மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். கையில் வெளிநாட்டில் தயாரித்து யாரோ தமிழாக்கிய கேள்வித்தாள். 'குழந்தை தன் அறையில் தனியாகத் தூங்குமா?' என்று ஒரு கேள்வி. வீடே ஒரு அறைதான் எங்கள் தெருவில். தாய்மார்கள் சிரித்த சிரிப்பில் டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார். எனக்கோ அதை எழுதியவனை ஒரு ராத்திரி இங்கே படுக்கவைக்க வேண்டும் போலிருந்தது.

அடுத்து, விசைத்தறி ஓட்டும் ஒருத்தி தன் ஐந்து வயது மகளோடு வந்து உட்கார்ந்தாள். 'சொன்னதைக் கேட்குமா?' என்ற கேள்வி வந்தது.

"கேக்கவே மாட்டா டீச்சர். தொண்டத்தண்ணி வத்தக் கத்துனாலும் திரும்பிப் பாக்க மாட்டா. தம்பி பொறந்ததுல இருந்து இந்த வீம்புதான்."

அடித்துப் பார்த்தாளாம். கரண்டிக் காம்பைக் காய்ச்சிச் சூடும் வைத்தாளாம். மறைக்கவில்லை, வளர்ப்பில் தான் குறை வைக்கவில்லை என்று காட்ட, மகளின் பாவாடையை விலக்கிக் கெண்டைக்கால் தழும்பைக் காட்டினாள். டாக்டரம்மா முகம் சுளித்தபடியே 'கீழ்ப்படியாமை' என்ற கட்டத்தில் குறித்துக்கொண்டார்.

அன்று கோயிலில் ஆடித்தபசுக் கொடியேற்றம். திடீரென்று வேட்டுப் போட்டார்கள். பிள்ளைகளெல்லாம் அலறிக்கொண்டு வந்து என் சேலையைப் பிடித்தன. அந்தச் சிறுமி மட்டும் புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த வேட்டுக்கும் அவள் கை அசையவில்லை.

டாக்டரம்மா எழுந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு தட்டை ஓங்கித் தட்டினார். பேர் சொல்லிக் கத்தினார். ஒன்றுமில்லை.

தம்பி பிறந்த சமயம் இவளுக்குக் காய்ச்சல் ஏதும் வந்ததா என்று விசாரித்தார். மணல்வாரி அம்மை போட்டுக் கிடந்தாளாம். அதற்கு முன்பே பேசப் பழகியிருந்ததால் சோறு, தண்ணீர் என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தறி ஓடும் சத்தத்தில் வீட்டில் பாதிப் பேச்சு கைச்சாடை; அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அந்தத் தாய் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. கேட்பதற்கு இன்னொரு அர்த்தம் உண்டு என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"இவளுக்குக் காது கேக்காதும்மா" என்றேன்.

அவள் மகளையே பார்த்தாள். பிறகு அந்தக் காதைத் தொடக் கையை நீட்டினாள். கை வருவதைக் கண்டதும் பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டது.

நீட்டிய கை அப்படியே நின்றது.

"அப்பம், நான் எதுக்கு அடிக்கேன்னே இவளுக்குத் தெரியாதா டீச்சர்?"