டிவி மேல் விழுந்த பன்னிரண்டு சொட்டு

"அப்பா, டிவி மேல தண்ணி பட்டுச்சான்னு கேக்குது. ஆமாவா, இல்லையா? சீக்கிரம் சொல்லுங்க."

போனும் கையுமாக மகள் நின்றாள். வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத டிவி, ஒரு ஓரமாகக் கறுத்துக்கொண்டே வந்தது. மாற்றித் தரச் சொல்லி கம்பெனியின் ஆப்பில் புகார் கொடுத்துக்கொண்டிருந்தோம். 'திரவம் ஏதும் பட்டதா?' என்றொரு கேள்வி, அதன் கீழே இரண்டு பொத்தான்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு நிமிஷம் இரும்மா" என்றேன். என் ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியும். போனை மேஜைமேல் வைத்துவிட்டுக் காபி போடப் போய்விட்டாள்.

அவள் வரும்வரை உங்களிடம் சொல்கிறேன். இதே கேள்வியை ஒருவர் எங்கள் ஊர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்டார். அதற்கு என் அப்பா சொன்ன பதிலால் வீடு இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்தது.

அப்போது நான் பெரம்பலூரில் ஒரு கல்லூரி ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். ஹால் டிக்கெட்டில் போட்டோ ஒட்டும் உத்தியோகம். விரலில் எப்போதும் பசை காய்ந்திருக்கும், அதை உரித்துக்கொண்டே பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன். சனிக்கிழமை அரியலூர் போய், சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதியைத் தலையில் வாங்கிக்கொண்டு, அங்கிருந்து ஏலாக்குறிச்சிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் போவேன். அப்பா அங்கே மிஷன் பள்ளியில் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாள். ஆபரேஷனுக்குப் பிறகும் வாசல் தாண்ட முடியவில்லை. மாதா கோயில் மணி வீட்டுக்குள் கேட்கும் தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தால் அழுவாள். "பூசைக்கு அடிக்குதுடா. நான் கட்டையாட்டம் கெடக்கேன் பாரு."

டிவியில் ஞாயிறு காலையில் பூசை காட்டுகிறார்கள் என்று தெரிந்ததும் ஒரு பெரிய டிவியாக வாங்கிக்கொண்டு போய் இறக்கினேன். பெட்டியைப் பிரித்ததும் வந்த தெர்மகோல் வாசனை இருக்கிறதே, அதை முகர்ந்தாலே இப்போதும் எனக்கு அம்மாவின் கட்டில்தான் ஞாபகம் வரும். உடனே போட்டுப் பார்க்க நான் துடித்தேன். அம்மா விடவில்லை. "மந்திரிக்காம போடாதடா."

எங்கள் ஆட்களிடம் அப்படி ஒரு பழக்கம். புது வீடு, புது பைக், புது போர் மோட்டார், எது வந்தாலும் பங்குச் சாமியாரை, அதாவது எங்கள் கோயில் பாதிரியாரைக் கூப்பிட்டு ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிக்கச் சொல்வோம். அதுதான் மந்திரிப்பது. எங்கள் சாமியார் இளைஞர், சிரித்த முகம். தீர்த்தம் தெளிப்பதில் மட்டும் கஞ்சத்தனமே கிடையாது. மந்திரித்து முடித்தபோது என் சட்டையும் நனைந்திருந்தது.

முதல் ஞாயிறு பூசை ஜோராக ஓடியது. இரண்டாவது ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவே திரையின் இடது பக்கம் பச்சைக் கோடு விழுந்தது. மூன்றாவது ஞாயிறு படமே இல்லை, பாட்டு மட்டும் கேட்டது. "இதுக்கு ஒரு ரேடியோ வாங்கியாந்திருக்கலாம்ல" என்று அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பெரம்பலூர் சர்வீஸ் சென்டரிலிருந்து ஒருவர் வந்தார். பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். நல்ல மனிதர். அட்டையில் படிவத்தைச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தவர், "தண்ணி கிண்ணி பட்டுச்சா சார்?" என்றார்.

"பட்டுச்சுங்க. தீர்த்தம்" என்றார் அப்பா.

பாய் பேனாவைத் தூக்கிக்கொண்டார். "எங்க வூட்லயும் ஓதின தண்ணி தெளிக்கிறதுதான் சார். அதெல்லாம் தண்ணிக் கணக்குல வராது. இல்லன்னு எழுதிக்கவா?"

"பட்டதப் படலேன்னு எப்படி பாய் எழுதுவீங்க?"

அப்பாவுக்குப் பின்னால் நின்று நான் பாய்க்குக் கையைக் காலை ஆட்டிச் சைகை காட்டினேன். திரும்பிப் பார்க்காமலே அப்பா சொன்னார்: "அவன் ஆட்டத்தப் பாக்காதீங்க. நான் சொன்னத எழுதுங்க."

எழுதினார். கம்பெனி நான்கே நாளில் கையை விரித்துவிட்டது. தண்ணீர் பட்ட டிவிக்கு வாரண்டி கிடையாதாம்.

அம்மாவுக்கு வந்த கோபத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. "ஆயுசு பூரா பள்ளிக்கூடத்துல உண்மை பேசுனது பத்தாதா? எனக்காக ஒரே ஒரு பொய் சொன்னா நரகத்துக்கா போயிடுவீங்க?" என்றாள். அப்பா தன் தட்டைத் தானே கழுவி வைத்தார். அன்றிலிருந்து அம்மா அவரோடு பேசவில்லை. மருந்து வேண்டுமென்றால்கூட, பெரம்பலூரில் இருக்கும் எனக்குப் போன் போட்டு, "உங்கப்பாகிட்ட சொல்லு, மாத்திரை தீந்துடுச்சு" என்பாள். இரண்டு பேருக்கும் நடுவே பத்தடி தூரம் இருந்தால் அதிகம். எனக்கும் அப்பாமேல் எரிச்சல்தான். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு அவள் என்ன சுகத்தைக் கண்டாள் என்று பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வருவேன்.

கஸ்டமர் கேருக்கு எத்தனை தடவை பேசியிருப்பேன்! ஒரு நாள் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள். "எவ்வளவு தண்ணி சார் பட்டுச்சு?" "சொட்டு சொட்டாம்மா." "எத்தனை சொட்டு சார்?" கேலியா, நிஜமாகவே ஏதோ கட்டத்தை நிரப்புகிறாளா என்று தெரியவில்லை. ஊருக்குப் போனபோது இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். அப்பா சாய்வு நாற்காலியிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நல்ல கேள்விடா. நாம ஏன் எண்ணிப் பாக்கல?"

மறுநாள் பூசை முடிந்ததும் சாமியாரை அழைத்து வந்துவிட்டார். டிவி வந்த அட்டைப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, டிவி இருந்த மேஜையில் அதே இடத்தில் நிறுத்தினார். மேல்பக்கம் காற்றுப் போகும் ஓட்டைகள் எங்கே வருமோ அங்கே பென்சிலால் கோடு போட்டார். பழுப்பு அட்டையில் தண்ணீர் பட்டால் கறுப்பாகத் தெரியும், எண்ணிவிடலாம். சாமியாருக்கு ஒரே சந்தேகம். "அன்னிக்கு எவ்ளோ வேகமா தெளிச்சேன்னு ஞாபகம் இல்லையே சார்."

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "மூணு வீச்சு சாமி. நடுவுல ஒண்ணு பலமா."

அவ்வளவு நாளும் சுவரைப் பார்த்துக் கிடந்தவள் முழங்கையை ஊன்றி எழுந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சாமியார் மூன்று வீச்சு வீசினார். "ரெண்டாவது பத்தல சாமி" என்றாள் அம்மா. அட்டையைக் காயவைத்து மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை சரி என்று அம்மா ஒப்புக்கொண்டாள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சொட்டையும் பென்சிலால் வட்டமிட்டார். முன்பக்கம் பதினொன்று. அத்தனையும் வலது பக்கம், திரையில் பச்சைக் கோடு விழுந்ததோ இடது பக்கம். நான் கைதட்டப் போனேன். அப்பா மேல்பக்கத்தை எட்டிப் பார்த்தார். ஓட்டைக்கோட்டின் மேலேயே ஒரு சொட்டு உட்கார்ந்திருந்தது.

தட்ட ஓங்கிய கையை நான் கீழே போட்டேன்.

"அத விட்டுடுங்களேன்" என்றாள் அம்மா மெதுவாக.

அப்பா கொஞ்ச நேரம் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதையும் வட்டமிட்டார். "பன்னெண்டு" என்றார். அம்மா மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள்.

படம் வரைந்து, சொட்டுகளுக்கு எண் போட்டு, அப்பா கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். பன்னிரண்டாவது சொட்டு உள்ளே போயிருக்கவும் கூடும் என்று தனியாக ஒரு வரி. கீழே சாமியார் கையெழுத்து, பங்கு முத்திரை. பெரம்பலூரில் பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டது சிரித்ததாலா வேறெதனாலா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"மாஷா அல்லாஹ். இப்படி ஒரு கம்ப்ளைண்ட நான் பாத்ததே இல்ல தம்பி."

லீவு நாளில் சொந்த பைக்கில் வந்து டிவியின் முதுகைக் கழற்றினார். டார்ச் அடித்து எல்லாரையும் பார்க்கச் சொன்னார். பன்னிரண்டாவது சொட்டுக்கு நேர்கீழே தூசி கலையாமல் இருந்தது. ஈரம் பட்ட தடமே இல்லை. இடது பக்கம் ஒரு பட்டை ஒயர் திருகாணிக்கு அடியில் மாட்டி நசுங்கியிருந்தது. திருகாணி மேல் கம்பெனி வைத்த பெயின்ட் பொட்டு அப்படியே இருந்தது, அப்புறம் யாரும் அதைக் கழற்றியதில்லை. அவர்கள் பூட்டும்போதே செய்த தப்பு. பாய் போட்டோ எடுத்துக்கொண்டார்.

"அந்தப் பன்னெண்டாவத நீங்க எழுதலேன்னா நான் தொறந்தே பாத்திருக்க மாட்டேன் சார்."

புது டிவி வந்தது. சாமியார் மந்திரிக்க வந்தபோது அப்பா அதைத் தலையிலிருந்து கால்வரை துண்டால் மூடிவிட்டுத் தள்ளி நின்றார். ஞாயிற்றுக்கிழமை அம்மா முக்காடு போட்டுக்கொண்டு, தலையணையில் சாய்ந்து முழுப் பூசையும் கண்டாள். முடிந்ததும் அப்பா பக்கம் திரும்பி, "காப்பி குடிச்சீங்களா?" என்றாள். அவர் அடுப்படிக்கு ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே!

இருவருமே இன்று இல்லை. ஊர் வீட்டைக் காலி செய்தபோது பரணில் அந்த அட்டைப்பெட்டியைத் தேடினேன். கரையான் தின்று மண்ணாகியிருந்தது, ஒரு வட்டம்கூட மிஞ்சவில்லை.

மகள் காபியோடு வந்தாள். "என்னப்பா, பட்டுச்சா இல்லையா?"

போன வாரம் நான்தான் ஈரத்துணியால் திரையைத் துடைத்தேன். சரியாகப் பிழியாத துணி. தண்ணீர் ஓரமாக வழிந்ததையும் பார்த்தேன்.

"இல்லன்னு போடும்மா" என்றேன்.

போட்டாள். மூன்றாம் நாள் வேறு டிவி வந்தது. கொண்டு வந்தவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பழையதை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இதில் படம் பளிச்சென்று இருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்தான் அதன் எதிரே உட்கார்ந்தால், பின்னாலிருந்து யாரோ பென்சிலோடு கேட்பதுபோல் திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன்: "எத்தனை சொட்டுடா?"