களத்தில் உரிந்த கால்

எங்கள் புதுக்கோட்டை சமஸ்தானத்து அரிசி ஆலை ஒன்றில் நானும் ராக்கம்மாளும் வேலை செய்கிறோம். அவித்த நெல்லை ஆலைக் களத்து வெயிலில் ஆண்கள் பலகையால் பரப்புவார்கள், நாங்கள் காலால் கிளறுவோம். கூலி எங்களுக்குப் பாதிதான்.

சம கூலி கேட்கப் போனபோது, முதலாளியிடம் பேசத் தொழிலாளர் சங்கத்தார் ராக்கம்மாளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அவளுக்கு முன்பே வேலைக்கு வந்தவள் நான். எனக்கு வயிறு எரிந்தது.

"பொம்பளைங்க எல்லாருமா கேக்குறீங்க?" என்றார் முதலாளி.

நான் முந்திக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் வேணாங்க. இவளுக்குத்தான் ஆசை" என்றேன்.

முதலாளி சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார். எல்லோருடைய கூலியையும் கெடுத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

ராக்கம்மாள் திட்டவில்லை. என்னை முன்னால் இழுத்து, "உக்காந்து காலைக் காட்டுங்கக்கா" என்றாள். கொப்புளம் உடைந்து உள்ளங்கால் உரிந்து கிடந்தது.

"ஆம்பளைக்குப் பலகை இருக்குங்க. எங்களுக்குக் கால்தான் பலகை" என்றாள்.

முதலாளி மறுபடி உட்கார்ந்தார். பாதிக் கூலி முக்கால் ஆயிற்று. மீதிக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ராக்கம்மாள் மேல் எனக்குப் பொறாமை போகவில்லை. ஆனால் இப்போது அதை ஆலை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போகிறேன். திரும்பும்போது எடுத்துக்கொண்டு, வீடு வரைக்கும் அவளோடு சண்டை போடுகிறேன்.