எலுமிச்சம்பழத்தைத் தாண்டாத ஸ்கூட்டர்

எங்கள் பெரியப்பா கையில் ஹோஸ் பைப் கிடைத்துவிட்டால் எதையாவது கழுவாமல் விடமாட்டார். ஆயுத பூஜை வந்தால் கேட்கவே வேண்டாம். காலையிலேயே கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டு டிராக்டரைக் குளிப்பாட்டுவார், கலப்பையைக் குளிப்பாட்டுவார், மருந்தடிக்கிற மெஷினைக் குளிப்பாட்டுவார், மிச்சத் தண்ணீரில் எருமையையும் குளிப்பாட்டுவார். நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம் அந்த வரிசையில் அம்மாவின் ஸ்கூட்டரும் போய்ச் சேர்ந்தது.

அது மல்லசமுத்திரத்து மாமா தான் ஓட்டிப் பழசானதைத் தங்கைக்குக் கொடுத்த வண்டி. எங்கள் வீடு தோட்டத்துக்குள் இருந்தது. பஸ் ஏற வேண்டுமானால் வண்டிப் பாதையில் வெகுதூரம் நடக்க வேண்டும். நடந்து போய் நின்றாலும் டவுன் பஸ் தன் இஷ்டத்துக்குத்தான் வரும். ஸ்கூட்டர் வந்த பிறகுதான் அம்மா நாமகிரிப்பேட்டையில் ஒரு மஞ்சள் மண்டிக்குக் கம்ப்யூட்டரில் பில் போடும் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். போகிற வழியில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவாள். அப்பா போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார். அவருக்கு அம்மா வேலைக்குப் போவதில் ஆட்சேபணை இல்லை. ஆட்சேபணை எல்லாம் அப்பாருக்குத்தான். அப்பாவின் அப்பாவை நாங்கள் அப்பாரு என்போம். "நம்மூட்டுப் பொம்பளைங்க இன்னொருத்தன்கிட்டக் கைகட்டி நிக்கோணுமாக்கும்?" என்று அவர் சுவரைப் பார்த்துக் கேட்பார். மருமகளிடம் நேராகக் கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை. சுவர் பதில் சொல்லாது. அம்மாவும் சொல்லமாட்டாள், சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

பெரியப்பா அன்றைக்கு ஸ்கூட்டரைக் கழுவிய கழுவலை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. சீட்டைத் தூக்கி அடித்தார், சைலன்சருக்குள் அடித்தார், இன்ஜினின் சந்து பொந்தெல்லாம் விரலால் பைப்பின் வாயை அழுத்திப் பீய்ச்சி அடித்தார். "அழுக்கு வெளிய இல்ல சாமி, உள்ளதான் இருக்கும்" என்று எனக்கு விளக்கம் வேறு. வண்டி பளபளவென்று ஆனது என்னவோ உண்மை.

அப்பாரு குளித்துவிட்டு வந்து எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். மாலை போட்டார். தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டி, ஒவ்வொரு சக்கரத்துக்கு முன்னாலும் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார். வண்டி கிளம்பி அந்தப் பழத்தை நசுக்கிக்கொண்டு போனால் வருஷம் முழுக்கக் கண்ணும் படாது, காயமும் படாது. டிராக்டர் ஏறி நசுக்கியது. அடுத்து ஸ்கூட்டர். அம்மா உட்கார்ந்து பட்டனை அழுத்தினாள். கிர்ர் என்றது. திரும்ப அழுத்தினாள். கிர்ர் என்றது, அவ்வளவுதான்.

"அக்கட்டால நகரு, நான் பாக்கறேன்" என்று பெரியப்பா வந்தார். வந்தவர் சும்மா இருப்பாரா? பெட்ரோல் மூடியைத் திறந்து ஒற்றைக் கண்ணை உள்ளே விட்டுப் பார்த்தார். வண்டியைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உலுக்கினார். பட்டனை அழுத்தி அழுத்தி பேட்டரியையும் தீர்த்தார். பிறகு சோக்கை இழுத்துவிட்டுக் கிக்கரை மிதிக்கத் தொடங்கினார். மிதித்த மிதியில் வண்டியின் சந்தனமும் அவர் நெற்றியின் சந்தனமும் சேர்ந்து வழிந்தன. நடுவில் அப்பா போன் செய்தார். பாறையைத் துளைத்துத் தண்ணீர் எடுக்கிற மனிதர், அங்கிருந்தே வைத்தியம் சொன்னார். "சோக்கப் போட்டுப் பாத்தீங்களா?"

"போட்டும் பாத்தாச்சு, எடுத்தும் பாத்தாச்சு. நீ போன வைடா" என்றார் பெரியப்பா.

"தள்ளிட்டுப் போயி ஏத்தீரலாமுங்க அப்பாரு" என்றேன்.

"தள்ளி ஏத்தறதெல்லாம் கணக்குல சேராது கண்ணு. அது தானா ஏறோணும்" என்றார் அப்பாரு. பிறகு சுவர் பக்கம் திரும்பித் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "பூசையன்னைக்கே நின்னுபோச்சு. இது ஆகாத வண்டி. இதுல இனி யாரும் ரோட்டுக்குப் போவ வேண்டாம். இன்னிக்கே தள்ளி உட்ருங்க."

பெரியப்பா அப்போதே நாமகிரிப்பேட்டையில் பழைய வண்டி வாங்கி விற்கிற கன்சல்டிங் கடைக்காரருக்குப் போன் போட்டார். அவர் சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டார். வண்டி போனால் வேலையும் போச்சு. அம்மாவின் முகம் செத்துப்போனது. கண்ணாடியில் ஒட்டியிருந்த செவ்வந்தி இதழைக் கிள்ளி எறிந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, "மாமா, எல்லாரும் சாப்பிட வாங்க. வடை ஆறிப்போவுதுங்க" என்று அப்பாருவைக் கூப்பிட்டாள்.

எல்லோருக்கும் இலை போட்டுப் பரிமாறிவிட்டு, வடை சுடப் போகிறேன் என்று உள்ளே போனவளை ரொம்ப நேரம் காணோம். நான் இன்னொரு வடை கேட்கப் போனேன். சமையலறையில் பெட்ரோல் வாசம். ஓர் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி. இன்னோர் அடுப்பில் தீயை எரியவிட்டு, பாத்திரம் பிடிக்கிற இடுக்கியில் எதையோ பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள் அம்மா. வெள்ளைக் கழுத்தும் இரும்பு மூக்குமாக ஒரு சின்னச் சாமான்.

"என்னம்மா சுடறே?"

"வண்டிப் பிளக்கு. நனைஞ்சு கெடக்குது, காய வெக்கறேன். மெதுவாப் பேசு. உங்க பெரியப்பன் அடிச்ச தண்ணி பத்தாதுன்னு, சோக்கப் போட்டு மிதிச்சு மிதிச்சு பெட்ரோலையும் உள்ள ரொப்பி வெச்சிருக்காரு. வெளிய வாயத் தொறந்த, வடை கெடையாது பாத்துக்க."

பின்வாசல் வழியாக வண்டிக்கு நானும் கூடப் போனேன். பிளக்கின் மேல் மாட்டுகிற ரப்பர் மூடியை முந்தானையால் துடைத்தாள், உள்ளே ஊதினாள், மறுபடி துடைத்தாள். கை எவ்வளவு பழகியிருந்தது என்கிறீர்கள்! மழை நாட்களில் அந்த வண்டி பாதி வழியில் நின்று அவளை எத்தனையோ தரம் ஒர்க்‌ஷாப்பில் உட்கார வைத்திருக்கிறது. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். அதை வீட்டில் சொன்னதே இல்லை. சொன்னால் மறுநாளே வேலை நின்றுவிடும். பிளக்கைச் சூட்டோடு முறுக்கி மாட்டிவிட்டுச் சோக்கை எடுத்துவிட்டாள். வண்டி எடுக்குமா எடுக்காதா என்று மிதித்துப் பார்க்கவும் முடியாது, உள்ளே சத்தம் கேட்டுவிடும். உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நேராக அப்பாருவிடம் போனாள்.

"மாமா, ஒரு சந்தேகமுங்க."

அப்பாரு பாயசத்தில் இருந்தார். சுவரைத் தேடினார், அம்மா சுவருக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள்.

"பூசை போட்டது நீங்க. வண்டிய எடுக்கப் பாத்தது நாங்க. அதனாலதான் சாமி கோவிச்சுக்குச்சோ என்னமோ. நீங்க ஒருக்கா எடுத்துக் குடுங்க மாமா. அப்பவும் நின்னா நானே தள்ளிட்டுப் போயி கடைக்காரருகிட்ட உட்டர்றேனுங்க."

"எனக்கென்னாத்தத் தெரியும் அந்தக் கெரகம்?" என்றார் அப்பாரு. ஆனாலும் கை கழுவி எழுந்துவிட்டார். மாடு தவிர வேறு எதையும் ஓட்டியறியாதவர். துண்டை இடுப்பில் கட்டி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மா ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டாள். அப்பாரு மிதித்தார். ஒன்றுமில்லை. மறுபடி மிதித்தார். வண்டி ஒரு தரம் இருமியது. நான் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். அம்மாவின் உதடும் அசைந்தது. "இந்தா!" என்று உழவு மாட்டை அதட்டுகிற மாதிரி அதட்டிக்கொண்டு அப்பாரு இன்னொரு மிதி மிதித்தார். டுர்ர்ரென்று வாசல் முழுக்க வெள்ளைப் புகை.

"எடுத்துப்போட்டேன் பாத்தியா!" என்று கத்தினார் அப்பாரு. அத்தனை சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

"அதான் முக்காவாசி நான் எடுத்து வெச்சிருந்தேனே" என்றார் பெரியப்பா, புகைக்குள்ளிருந்து.

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்லீங்க அப்பாரு, அம்மாதான் பிளக்க..." என்று ஆரம்பித்தேன். எங்கிருந்துதான் எடுத்தாளோ, ஒரு முழு வடை என் வாய்க்குள் வந்து விழுந்தது. நான் மென்று முடிப்பதற்குள் அப்பாரு ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அம்மா அவரையும் வைத்துக்கொண்டு எலுமிச்சம்பழத்தை நச்சென்று நசுக்கிக்கொண்டு, வண்டிப் பாதை முனையில் இருக்கும் பிள்ளையார் வரைக்கும் போய்த் திரும்பினாள். சாயங்காலம் கன்சல்டிங்காரர் பொரிகடலையும் காப்பியும் சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு போனார்.

அதற்கப்புறம் அந்த வண்டியை யாராவது குறை சொல்லட்டும் பார்க்கலாம்! தினமும் காலையில் அப்பாருதான் அதை எடுத்துக் கொடுப்பார். மழை தூறினால் தன் தலைக்கு முன்னால் வண்டிக்குச் சாக்குப் போடுவார். சொந்தக்காரர்கள் யாராவது, "மருமவள வேலைக்கு உட்டுட்டீங்களாட்ட இருக்குதுங்க?" என்று இழுத்தால், "நான் எடுத்துக் குடுக்கற வண்டிங்க அது. நடுவழியில நிக்காது" என்று நெஞ்சை நிமிர்த்துவார். நேரமாகிவிட்டால் அம்மாவை நேராகப் பார்த்து, "இன்னுமா கெளம்பல சாமி?" என்றுகூடக் கேட்க ஆரம்பித்தார்.

எனக்கு வயிற்றெரிச்சல் அடங்கவே இல்லை. ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது கேட்டேவிட்டேன். "நீதான சரி பண்ணுன? அப்பாருகிட்ட ஏன் சொல்லலை?"

அம்மா ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டே, "சொன்னா?" என்றாள்.

அம்மாவுக்கு அப்பாரு என்றால் பயம், அதுதான் விஷயம் என்று முடிவு கட்டினேன். இப்படி ஒரு பயந்தாங்கொள்ளிக்குப் பிள்ளையாகப் பிறந்துவிட்டோமே என்று நொந்துகொண்டே அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அப்பாரு வண்டியை எடுத்துக் கொடுத்தார். அம்மா வேலைக்குப் போனாள்.