கண்ணாடி மேஸ்திரி அடித்த மினுங்காத பச்சை

அவர் பெயிண்ட் அடித்த காரில் முகம் பார்த்துத் தலைவாரலாம். அதனால் பட்டறைத் தெருவில் அவருக்குக் கண்ணாடி மேஸ்திரி என்று பெயர். இருபத்தாறு வருடமாகக் கார்களைப் பளபளக்க வைத்த மனிதருக்கு உள்ளுக்குள் ஒரே ஒரு ஆசை: ஒரு பழைய ராணுவ ஜீப்பைத் தன் கையால் புதிதாக்க வேண்டும். அப்படியொரு ஜீப் ஊர்ப் பல் டாக்டரிடம் இருந்தது. ராணுவச் சாமான்களைச் சேர்ப்பதில் டாக்டருக்குப் பைத்தியம். ஆனால் லேசில் யாரையும் நம்பமாட்டார். ஒரு தோட்டாப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

"இத முதல்ல செஞ்சு காட்டுங்க. சரியா வந்தா ஜீப் வேலை உங்களுக்கு. சனிக்கிழமை நாலு மணிக்கு வரேன்."

மேஸ்திரிக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டர் தெருமுனை தாண்டுவதற்குள் பெட்டியின் கீலைக் கழற்றிவிட்டார். அதனடியில், வெயிலும் கையும் படாத பழைய பச்சை ஒரு விரல் அகலத்துக்கு அப்படியே இருந்தது. பட்டறையில் பெயிண்ட் கலக்குவது அவர் மனைவி. அவள் அதே பச்சையை மூன்று தகரத் துண்டுகளில் அடித்தாள்: ஒன்று முழுப் பளபளப்பு, ஒன்று பாதி, ஒன்று துளிகூட மினுங்காதது. வெயிலில் வைத்துப் பார்த்ததும் சந்தேகமே இல்லை, மூன்றாவதுதான்.

"சண்டையில மினுங்குனா எதிரியக் கைதட்டிக் கூப்பிட்ட மாதிரிதானே," என்றாள் மனைவி. "ஆனா உங்க கைக்கு இது கஷ்டம்."

"என் கைக்கு என்ன கஷ்டம்?"

சனிக்கிழமை காலையில் பெட்டி அருமையாக வந்துவிட்டது. மத்தியானம் சாப்பிட்டு வந்து அழகு பார்த்த மேஸ்திரி, தன்னையறியாமல் தோளில் கிடந்த மெழுகுத் துணியால் மூடியை ஒரு இழுப்பு இழுத்தார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? நடுமூடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மினுக்கு. துடைக்கத் துடைக்க அது பெரிதானது.

"இதுல ஒட்டுப்போட முடியாது," என்றாள் மனைவி. "மூடி முழுக்கத் திரும்ப அடிக்கணும். முழிச்சுக்கிட்டு நிக்காதீங்க, மணி மூணு."

மெழுகு ஒரு பொட்டு இருந்தாலும் பெயிண்ட் பிடிக்காது. கழுவினார்கள், துடைத்தார்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். மேஸ்திரி ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுக்கும்போது நாலாகப் பத்து நிமிடம். கடைசி வீச்சு முடியவும் டாக்டர் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது.

ஈரத்தில் எந்தப் பெயிண்டும் பளபளக்கும். மூடி புதுக் கார் போல ஜொலித்தது. டாக்டரின் முகம் சுருங்கிவிட்டது.

"கார்க்காரர் கார்க்காரர்தான்," என்று திரும்பினார்.

மேஸ்திரி வாசலை மறித்துக்கொண்டார். "காயட்டும், இருபது நிமிஷம் உக்காருங்க டாக்டர். உங்க நாற்காலில நான் ஒரு மணி நேரம் வாயத் திறந்துக்கிட்டுக் கெடக்கலையா?"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓரத்திலிருந்து பளபளப்பு மங்கத் தொடங்கியது.

"அந்த மூலை போயிடுச்சு பாருங்க," என்று டாக்டரே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

நடுவில் அந்த உள்ளங்கை இடம் மட்டும் அடம்பிடித்தது. மேஸ்திரி குனிந்து அதையே பார்த்தார். அதுவும் சுருங்கி, காசளவாகி, அணைந்தது. ஒரு பளபளப்பு சாவதைப் பார்த்து அவர் துள்ளிக் குதித்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கீலடியில் விட்டுவைத்திருந்த பழைய பச்சையோடு டாக்டர் குனிந்து ஒப்பிட்டுப் பார்த்தார். "அப்படியே இருக்கு," என்றார்.

சந்தோஷத்தில் மேஸ்திரிக்கு வாய் நிற்கவில்லை. "ஒண்ணு சொல்லிடறேன் டாக்டர். இது ரெண்டாவது தடவை அடிச்சது. முதல்ல அடிச்சத நானே துடைச்சுக் கெடுத்துட்டேன்."

மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ஜீப் முழுக்கத் தகடாச்சே," என்றார் டாக்டர். "துடைக்காம இருந்துடுவீங்களா?"

மேஸ்திரி யோசித்தார். "சத்தியமா முடியாதுங்க. ஆனா துடைச்ச இடத்த எல்லாம் திரும்ப அடிச்சுட்டுத்தான் உங்களக் கூப்பிடுவேன்."

டாக்டர் அவரை விட்டுவிட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"அம்மா, திங்கக்கிழமை வண்டிய அனுப்புறேன். பெயிண்ட ரெண்டு மடங்கு கலந்து வைங்க."