கடலில் விட்ட துணி

அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அய்யா இறந்த பிறகு எனக்கு எதுவுமே உறைக்கவில்லை. அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. சாம்பாரில் உப்பில்லை என்று ராமேஸ்வரத்துக் கல்லூரி விடுதியில் பிள்ளைகள் சண்டை போட்ட அன்று, நான் தட்டை வழித்துத் தின்றுவிட்டு எழுந்து வந்தேன். திருவாடானைப் பக்கத்து எங்கள் வீட்டிலிருந்து அம்மா போன் செய்தாள்.

"வர்ற அமாவாசைக்கு ராமேஸ்வரம் வாரோம்த்தா. அய்யா உடுப்பு அம்புட்டையும் கடல்ல விட்டுருவோம். வீட்டுல வச்சிருக்கக் கூடாதாம், ஒங்க பெரியப்பா சொல்றாக."

சரி என்றேன். பெரியப்பா மேல் எரிச்சல்கூட வரவில்லை. அந்த அமாவாசைக்கு அவர்கள் வரவில்லை; ஏன் என்று நானும் கேட்கவில்லை.

கல்லூரித் தன்னார்வலர் குழுவில் சேர்ந்ததும் அப்படித்தான். சேவை செய்தால் ஆளுமை வளரும், மேடைக் கூச்சம் போகும், வேலைக்குச் சான்றிதழ் உதவும் என்று எங்கள் பேராசிரியை அடுக்கிக்கொண்டே போனார். அதெல்லாம் என் காதில் ஏறினால்தானே! "கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்கா பாரு. எந்திரிச்சு வாடி" என்று அறைத்தோழிதான் இழுத்துப்போனாள்.

ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தக் கடலில் முழுகுகிறவர்கள் பலர், உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிட்டுக் கரையேறுவார்கள். பீடை அதோடு போய்விடுமாம். அது எங்கே போகிறது? வருகிறவர் காலைச் சுற்றிக்கொண்டு அங்கேயேதான் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அதை இழுத்துக் கரையில் குவிப்போம். லாரி வந்து குப்பையோடு அள்ளிப் போகும். ஊரார் பீடையை ஓசியில் சுமக்கிறோம் என்று தோழி சிரிப்பாள். எனக்குப் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. கை வலித்தது, படுத்தால் தூக்கம் வந்தது. அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலை நரைத்த ஒருவர் ஈர வேட்டியோடு குவியலருகே வந்து நின்றார்.

"எங்கம்மா சேலைம்மா. அரக்குக் கலரு. இப்பத்தான் கடல்ல விட்டேன், கெடைக்குமா?"

அவர் மனைவி பின்னாலேயே ஓடிவந்தார். "விட்டதத் திருப்பி எடுப்பாகளா? ஊரு சிரிக்கும், வாங்க!"

அவர் காதிலேயே வாங்கவில்லை. மண்டியிட்டுத் துணிகளைப் புரட்ட ஆரம்பித்தார். நானும் சேர்ந்து தோண்டினேன். அடியில் கிடந்தது சேலை. ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்தோம். அதை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு அந்த மனிதர் வாய்விட்டு அழுதார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, பையை விரித்துப் பிடித்தார்.

அவர் அழுவதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. இத்தனை மாதத்தில் முதன்முதலாக உறைத்தது அதுதான். சீ, இதுவா வர வேண்டும் என்றிருந்தது.

ஈரக் கையோடு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அய்யா சட்டையக் கொண்டு வராதம்மா."

"என்னத்தா சொல்ற? பெரியப்பா கேட்டா?"

"நான் பேசிக்கிறேன். கடலு ஒண்ணும் எடுத்துக்கிறதில்லம்மா, குப்பை லாரிலதான் போகுது. எனக்கு வேணும். அய்யா சட்டை எனக்கு வேணும்."

அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நீ கேக்கவே மாட்டியோன்னு இருந்துச்சுத்தா. எனக்கு மட்டும் விட மனசு வருமா? வர்ற அமாவாசை, வர்ற அமாவாசைன்னு நானும் தள்ளிக்கிட்டேதான வாரேன்."